பங்குதாரர் அனைவருக்கும்

ஜிப் கம்பெனியின் பங்குதாரர் பிரிவு அதிகாரி, தான் இறந்துபோனதற்கு மறுவாரம் திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும், வழக்கம்போலத் தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினார். ரிசீவர் தானாக எழும்பவில்லை, நாற்காலி நகரவில்லை, அறையில் குளிரும் பரவவில்லை. அப்படியெல்லாம் பின்னால் சேர்த்துச் சொன்னவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். நடந்தது இவ்வளவுதான்: டெலிபோன் ஆபரேட்டர் பெண் பழக்க தோஷத்தில் ஓர் அழைப்பை அவருடைய மேஜைக்குத் தள்ளிவிட்டாள். மணி அடித்து நின்றது. மறுமுனையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பித்தளை விலை ஏறியது கம்பெனியைப் பாதிக்குமா என்று கேட்டார். போன காலாண்டு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அதைப் பற்றி இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பத்தி முழுவதும் நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டப்பட்டது. வாத்தியார் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். முந்தைய வாரம்தான் அதே அதிகாரியின் இறுதி ஊர்வலத்தில் நடந்து, செருப்பு வார் அறுந்து வீடு திரும்பியவர் அவர். குரல் யாருடையது என்று தெரிந்தது, ஆனால் கேட்டதற்கு நேரான பதில் கிடைத்துவிட்டதால் அதற்கு மேல் கிளறவில்லை என்று பிறகு சொன்னார்.

கம்பெனிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சம்பளம் கேட்காத, லீவு போடாத, டீ குடிக்கக்கூட எழுந்து போகாத ஆள் எந்த முதலாளிக்குக் கிடைப்பார்? மேஜையை அப்படியே விட்டுவிடும்படி சின்ன முதலாளி உத்தரவு போட்டார். சம்பளப் பட்டியலில் பெயரை அடித்தார்கள், இணைப்பை மட்டும் துண்டிக்கவில்லை. சின்ன முதலாளியின் அப்பா கம்பெனியைத் தொடங்கிய காலத்தில் தெருத் தெருவாகப் போய் ஊர்க்காரர்களிடம் பங்கு விற்றவர். நர்சு, பஸ் டிரைவர், பேக்கரிக்காரர், பென்ஷன் வாங்குகிறவர் என்று ஊரில் பாதிப் பேருக்கு ஜிப் கம்பெனியில் பங்கு உண்டு. பணம் போட்டவன் கேட்கத்தான் செய்வான் என்பது அவர்கள் கட்சி. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் கம்பெனிக்கு போன் போட்டு, புது மெஷின் வந்ததா, வெளிநாட்டு ஆர்டர் என்ன ஆயிற்று என்று விசாரிப்பது அங்கே பல் தேய்ப்பது மாதிரி. பதில் சொல்லிச் சொல்லியே அதிகாரிக்குப் பதில்காரர் என்று பெயர் வந்துவிட்டது. அவருக்கு ஒரே ஒரு விதி. ஒருவருக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொல்ல முடியாததை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. உயிரோடு இருந்த காலத்தில் வீட்டிலும் அந்த விதியை அவர் விட்டதில்லை. குடும்பத்தில் யாரும் ஒரு பங்குகூட வாங்கக் கூடாது, கம்பெனி விஷயம் சாப்பாட்டு மேஜைக்கு வரக் கூடாது. ஜிப் கம்பெனிக்காரர் வாய்க்கும் ஒன்று தைத்துக்கொண்டார் என்று மனைவி கேலி செய்வாள். அவர் சிரிப்பார், அதோடு சரி.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே இரண்டு கடைகள். ஒன்று அவளுடையது, ஒன்று தையல்காரருடையது. காலையில் ஷட்டரைத் தூக்குவது, வந்தவர்களை எதிர்ச்சுவர் எழுத்துகளை வாசிக்கச் சொல்வது, லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது என்று இருபது வருஷமாக நல்ல வியாபாரம். குறை ஒன்றுதான், குழந்தை இல்லை. மருத்துவரெல்லாம் கைவிரித்த பிறகு, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு அவள் போகத் தொடங்கினாள். அங்கே நாலு வயசில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இவள் போய் உட்கார்ந்ததும் இவளுடைய கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவளையே "உங்களைக் காணோமே, எங்க போனீங்க?" என்று தேடும். கணவரையும் இரண்டு மூன்று தடவை அழைத்துப் போனாள். அவரையும் அந்தக் குழந்தை அப்படியே தேடியது. அவர் கூச்சப்பட்டுக்கொண்டு இங்கே இருக்கிறேன் என்றார். அந்தக் காப்பகத்தில் தம்பதிகளுக்குத்தான் குழந்தை கொடுப்பார்கள், இருவரும் மனசார ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்க்கலாம் என்றார், யோசிக்கிறேன் என்றார், இந்த வருஷப் பங்குதாரர் கூட்டம் முடியட்டும் என்றார். ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற மனுஷன் வீட்டுக் கேள்வியை இரண்டு வருஷம் இழுத்தடித்தார்.

அவர் இறந்த அன்று காலை அவள் வாசற்படியில் வழிமறித்து நின்றாள். "சரியா, இல்லையா? ஒரே வார்த்தை. சொல்லிட்டுப் போங்க." அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, "சாயங்காலம் வந்து சொல்றேன்" என்றார். மதியம் ஒரு பங்குதாரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது பாதிப் பதிலில் நெஞ்சு நின்றுவிட்டது. மறுமுனையில் இருந்தவர், ஏதோ புள்ளிவிவரத்தைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று மரியாதையாக வெகுநேரம் காத்திருந்தார்.

தனியாக இருப்பவருக்குக் கொடுக்க மாட்டோம் என்று காப்பகத்தில் வருத்தத்தோடு சொன்னார்கள். அந்த வருஷமே குழந்தையை வேறொரு தம்பதி அழைத்துப் போய்விட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அழுதாள், எழுந்தாள், கடையைத் திறந்தாள். ஆனால் ஒன்றை மட்டும் அவளால் இறக்கி வைக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அவர் என்ன சொல்ல இருந்தார்? மாட்டேன் என்று சொல்ல இருந்தாரென்றால், விருப்பமில்லாத ஒருவரோடு இரண்டு வருஷம் ஆசையை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சரி என்று சொல்ல இருந்தாரென்றால், ஒரு குழந்தை தன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்தால் அதற்கேற்ப அழுதுவிடலாம். தெரியாததால் இரண்டுக்கும் சேர்த்து அழ வேண்டியிருந்தது.

பதில்காரர் மறுபடி பேசுகிற விஷயத்தைத் தையல்காரர்தான் வந்து சொன்னார். அவர் வாழ்நாள் முழுவதும் அந்தக் கம்பெனி ஜிப்பைத்தான் தைத்தவர். தைத்த பொருள்மேல் இருந்த நம்பிக்கையில் சேமிப்பையெல்லாம் அதன் பங்குகளில் போட்டவர். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குக் காலையில உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினேன். நல்லாத்தான் இருக்கார்" என்றார். நல்லாத்தான் இருக்கார் என்று சொன்ன பிறகுதான் தான் சொன்னது உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, கடை போனை எடுத்து, மனப்பாடமான அந்த எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்து நின்றது. "வணக்கம். உங்க பங்கு எண்?" என்று அவர் குரல் கேட்டது. அவளிடம் பங்கும் இல்லை, எண்ணும் இல்லை. அவள் அழத் தொடங்குவதற்குள், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி இணைப்பு போய்விட்டது.

அன்றே புரோக்கரிடம் போய் ஒரே ஒரு பங்கு வாங்கினாள். ஒரு பங்கா என்று புரோக்கர் சிரித்தார். பங்கு அவள் பெயருக்கு மாறி வருகிற வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து போன் செய்தாள். எண்ணைச் சொன்னாள். "சொல்லுங்க மேடம், என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றார் அவர். அத்தனை வருஷக் குடித்தனத்தில் நீ, வா, போ என்பதைத் தவிர வேறு மாதிரி அவர் அவளிடம் பேசியதில்லை. செத்தவர் பேசியதைவிட, செத்தவர் மேடம் என்றதுதான் அவளை உடைத்துப் போட்டது.

"நான்தாங்க. தெரியலையா?" என்றாள். மறுமுனையில் மூச்சு கேட்டது. தெரிந்தது என்பது அந்த மூச்சிலேயே அவளுக்குப் புரிந்தது. "அன்னிக்குக் காலையில கேட்டேனே. அதுக்குப் பதில் சொல்லலையே நீங்க." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பது போல அவர் சொன்னார்: "அது வெளியிடப்பட்ட தகவல் இல்லைங்க மேடம். உங்க ஒருத்தருக்கு மட்டும் சொல்ல எனக்கு வழி இல்ல." கெஞ்சினாள், திட்டினாள், என்னங்க என்று சின்னப் பெண் போலக் கூப்பிட்டுப் பார்த்தாள். கம்பெனியைப் பற்றி வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். குரல் நின்றுவிடப் போகிறதே என்ற பயத்தில், வாயில் வந்ததைக் கேட்டாள்: எத்தனை நிறத்தில் ஜிப் செய்கிறீர்கள்? அதற்குக் கால் மணி நேரம் பதில் சொன்னார். கருநீலத்தில் மட்டும் ஐந்து வகை இருப்பதை அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். கடைசியில், சொந்தக் கேள்விக்கு எப்போதுதான் பதில் சொல்ல முடியும் என்றாள். "பொதுக்கூட்டத்துல கேளுங்க. அங்க எல்லாரும் இருப்பாங்க" என்றார்.

பொதுக்கூட்டம் வருஷத்துக்கு ஒன்று நடக்கும். அதற்கு அந்த போனைக் கொண்டுவர வேண்டுமே! ஒவ்வொரு வருஷமும் அவள் போய்க் கேட்டாள். வயர் எட்டாது என்றார்கள். கூட்டத்தில் மற்றவர்களும் ஒன்றும் கிழிக்கவில்லை. மேடையில் சின்ன முதலாளி எழுதி வைத்ததை வாசிப்பார். கீழே எல்லோரும் இலவசப் பையையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு, போன வருஷப் பையில் ஜிப் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின. அவள் தினமும் பத்தரை மணிக்கு போன் செய்தாள். கேள்வி இல்லாமல் குரல் இல்லை என்பதால் கேள்விகளைத் தேடிப் பிடித்தாள். ஆண்டறிக்கையை அடிக்குறிப்பு வரை படித்தாள். போட்டிக் கம்பெனிகளின் ஜிப்பை வாங்கி லென்ஸுக்கடியில் வைத்துப் பல்லை எண்ணினாள். கடன், தேய்மானம், கையிருப்பு என்று எதை விட்டாள்? அவர் இயந்திரத் தேய்மானத்தை விளக்கும்போது சில சமயம் அவள் முகம் புதுமணப்பெண் மாதிரி ஆகிவிடும் என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். மற்ற பங்குதாரர்களில் சிலர் நேரே கம்பெனிக்கு போன் போடுவதை விட்டுவிட்டு இவளிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் கண்ணைக் காட்டிவிட்டு, அப்படியே கம்பெனி எப்படிப் போகிறது என்றும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எட்டாவது வருஷம் கிடங்குச் சரக்கைப் பற்றிக் கேட்டாள். போன வருஷத்தைவிட அதிகம் என்று அறிக்கையில் இருந்ததை அவர் வாசித்தார். வாசித்து முடித்ததும் மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர். ஒரு தடவை சம்பளப் பணம் தொலைந்துபோனதை மறைத்தபோதும், தன் அம்மாவின் நோய் முற்றிவிட்டதை மறைத்தபோதும், இதே மாதிரிதான் உறிஞ்சினார். ஊரில் எத்தனையோ பேர் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைக் கேட்டிருப்பார்கள். ஜலதோஷம் என்று நினைத்திருப்பார்கள். அந்த உறிஞ்சலோடு குடித்தனம் நடத்தியவள் ஒருத்திக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். மறுநாள் மறுபடி கேட்டாள், மறுபடி உறிஞ்சினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கிடங்குக்கே போனாள். பூட்டு துருவேறி இருந்தது, கதவு இடுக்கில் சிலந்தி குடித்தனம் வைத்திருந்தது. காவல்காரர், சரக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது என்றும், கணக்கெடுக்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக உள்ளே காலிப் பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் அவளிடம் சகஜமாகச் சொன்னார்.

கம்பெனி உள்ளே செத்துவிட்டது. வெளியே தெரிந்தால் பங்கு விழும், கம்பெனி மூடும், மூடினால் அந்த போன் போகும். யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு அவள் ஒரு வருஷம் இருந்தாள். பத்தரை மணிக்கு போன் செய்வாள், கிடங்கைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள். பங்கு வாங்கலாமா என்று யாராவது கேட்டால், என் கடையில் கண்ணை மட்டும் பாருங்கள் என்று கடித்து அனுப்பினாள். இரண்டாவது தடவை அவரைச் சாகவிட அவளுக்கு மனசு வரவில்லை. இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தன் வீட்டில் ஒருவர் இறந்து, அவர் குரல் தினமும் பத்தரை மணிக்குக் கேட்கிற நிலைமை தனக்கு வந்த பிறகு சொல்லட்டும்.

ஒன்பதாவது வருஷம் ஊரில் லேசாக வதந்தி கிளம்பியது. சின்ன முதலாளி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பொதுக்கூட்டத்துக்கு அந்த போனையே கொண்டுவந்து மைக்குக்கு முன்னால் வைத்துவிட்டால், பதில்காரர் வெளியிட்ட கணக்கை அப்படியே வாசிப்பார், ஜனங்கள் அவர் சொன்னால் நம்புவார்கள். எல்லோரும் கூடியிருக்கிற இடத்தில் அந்த விதி என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. இத்தனை நாள் எட்டாத வயர் இப்போது எட்டியது. செய்தி கேட்டதும் அவள் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். அன்று காலை கடை வாசலில் தையல்காரர் புதுச் சட்டையில் நின்றார். "கடைய விக்க முன்பணம் வாங்கிட்டேன்மா. கூட்டத்துல பதில்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அங்கேர்ந்து நேரா புரோக்கர்கிட்டதான். மொத்தத்தையும் போட்டுடறேன். பொண்ணு படிப்புக்கு ஆகும்" என்றார். அவள் ஷட்டரைப் பூட்டினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு போன். சின்ன முதலாளி பேசி முடித்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். படியேறிப் போய் ரிசீவரைக் கையில் எடுக்கிற வரை, தன் கேள்வியைத்தான் கேட்கப் போகிறாள் என்று அவளே நினைத்திருந்தாள். தன் பதிலை வாங்கிக்கொண்டு கிடங்கைப் பற்றி அப்புறம் கேட்டால் போயிற்று. ஆனால் அந்தப் பதில் காதில் விழுந்த பிறகு தன்னால் வேறு எதையும் கேட்க முடியாது, அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். முன்வரிசையில் தையல்காரர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடங்குல சரக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க" என்றார் பதில்காரர், மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி. "நாலு வருஷமா இல்ல. காலிப் பெட்டிதான் இருக்கு. கணக்கு பொய்." ஒன்பது வருஷமாக இறுக்கிப் பிடித்த ஏதோ ஒன்றை விட்டவர் போல அவர் குரல் அன்று லேசாக இருந்தது. அடுத்த கணம் நாற்காலிகள் கவிழ்ந்தன, பிஸ்கட் பறந்தது, வாத்தியார் மேடைமேல் ஏறிவிட்டார். சின்ன முதலாளி ஓடிப்போய் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார். அவள் ரிசீவரை விடவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே, செத்த போனில் வாயை வைத்து, தன் கேள்வியைக் கேட்டாள். சரியா, இல்லையா என்றுதான் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. சங்கில் கேட்கிற கடலோசைகூட இல்லை. ஆட்கள் எல்லாம் போன பிறகும் அவள் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் ஆபரேட்டர் பெண் வந்து, குழந்தை கையிலிருந்து எடுப்பது போல ஒவ்வொரு விரலாக விலக்கி எடுக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ஊரில் போன் மணிகள் அடிக்கத் தொடங்கின. பங்குதாரர் பட்டியலின் வரிசையில், அதிகப் பங்கு வைத்திருந்தவரிலிருந்து ஒற்றைப் பங்குக்காரர் வரை, ஒன்று விடாமல் அடித்தன. போன் இல்லாதவர்களுக்கு அண்டை வீட்டில் அடித்தது. இறந்துபோனவர்களுக்காகப் பூட்டிய வீடுகளிலும் அடித்தது. எடுத்தவர்கள் எல்லோருக்கும் அதே குரல், அதே வார்த்தைகள்: "வணக்கம். கேட்ட கேள்விக்குப் பதில்: சரி. கூட்டிட்டு வந்துடலாம்." அவ்வளவுதான், வைத்துவிடும். மண்டபத்துக் கூச்சலில் அவள் கேட்டது யார் காதிலும் விழுந்திருக்கவில்லை. எனவே கேள்வி இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது, பதில் மட்டும் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. ஆனாலும் என்ன கேள்வி என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் போனை வைத்துவிட்டு, தங்கள் தங்கள் செருப்பைத் தேடினார்கள். பஸ் டிரைவர் முதியோர் இல்லத்துக்குப் போய் அப்பாவை அழைத்துவந்தார். வாத்தியார், கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்த மனைவியைப் பதினாலு வருஷம் கழித்துப் போய்க் கூப்பிட்டார். அந்த அம்மாள் பெட்டியைத் தயாராகவே வைத்திருந்தார். பிடிக்காத கல்யாணம் செய்த மகளை, புத்தி பேதலித்த தம்பியை, ஊருக்கு வெளியே விட்டுவந்த நாயை என்று ஆளாளுக்கு அழைத்துவந்தார்கள். சிறையில் மகன் இருந்த ஒரு நர்சு, சிறையின் வாசல் கதவருகே போய் நின்றுவிட்டு வந்தார். அந்த வாரம் ஊரில் தலையணை விலை ஒன்றுக்கு இரண்டாயிற்று, மடக்குக் கட்டில் எந்தக் கடையிலும் இல்லை.

தையல்காரருக்குச் சாயங்காலமே மணி அடித்துவிட்டது. கடை பிழைத்தது, போட்டிருந்த சேமிப்பு போயிற்று என்று திண்டாடிக்கொண்டிருந்தவர், போனை வைத்துவிட்டு, ஒருகாலத்தில் சண்டை போட்டுப் பிரிந்த அண்ணனைத் தேடி ஓடினார். ஓடுகிற வழியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "பதில்காரர் பேசினார்மா. சரி, கூட்டிட்டு வந்துடலாம்னார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படித்தான், அடுத்தவர் வாய் வழியாக, வாசற்படியில் நின்றபடி, அவளுக்கு அந்தப் பதில் வந்தது. அவளுடைய ஒற்றைப் பங்கு பட்டியலில் கடைசி என்பதால், அவள் போன் மறுநாள் காலைதான் அடித்தது. எண்ணைக் கேட்கவில்லை. வணக்கம் என்றது, கேட்ட கேள்விக்குப் பதில் என்றது, சரி என்றது, கூட்டிட்டு வந்துடலாம் என்றது. எல்லோருக்கும் சொன்னதற்கு மேல் அவளுக்கென்று ஒரு வார்த்தை இல்லை. மேடம் என்றுகூடச் சொல்லவில்லை. "என்னங்க" என்று அவள் கூப்பிடுவதற்குள் அடங்கிவிட்டது. அப்புறம் அந்தக் குரல் எங்கும் கேட்கவில்லை. எதற்கு அழ வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதால், அவள் சமையலறையில் உட்கார்ந்து, வீடே அதிரும்படி, அந்தக் குழந்தைக்காக மட்டும் அழுதாள்.

மறுநாள் பஸ் ஏறிக் காப்பகத்துக்குப் போனாள். அங்கே புது மேற்பார்வையாளர் இருந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "யாரையும் இல்லைங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு குழந்தைய கேட்டிருந்தோம். எங்க வீட்டுக்காரர் பதில் சொல்லாம இருந்தார். இப்பதான் சொன்னார். அவ இங்க இல்லைன்னு தெரியும். ஆனாலும் கேட்ட இடத்துல வந்து சொல்லணும் இல்லையா?" மேற்பார்வையாளர் தலையாட்டினார். அவள் எழுந்து நின்று, அலுவலக அறை வாசலில், கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "சரின்னுட்டார். கூட்டிட்டுப் போயிடலாம்னுட்டார்."

நடையில் வரிசையாக உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த குழந்தைகள் அதைக் கேட்டன. பென்சிலைக் கீழே வைத்தன. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல் எழுந்து உள்ளே போய், ஆளுக்கொரு பையில் துணிமணியை அடைத்துக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றன. மேற்பார்வையாளர் என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனியாக இருப்பவருக்குக் கொடுப்பதில்லை என்ற விதி அங்கே அப்படியேதான் இருந்தது. மொத்தமாக ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு குழந்தையாகப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, இது பழைய பதில், வேறொரு குழந்தைக்கு வந்தது, உன்னை அழைத்துப் போக எனக்கு அனுமதி இல்லை என்று சொன்னாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தைகளில் சொன்னாள். கேட்ட குழந்தைகள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போயின. சில அழுதன. ஒன்று அவளுக்கு ஆறுதல் சொன்னது.

கடைசியில் நின்ற குழந்தைக்குச் சொல்லி முடித்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அது கவனமாகக் கேட்டுக்கொண்டு, புரிந்தது என்று தலையாட்டியது. ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை. அன்று அதைக் கையில் பிடித்தபடியே சாப்பிட்டது, அதோடு தூங்கியது, மறுநாள் அதோடு குளித்துப் பள்ளிக்கூடம் போனது. முதலில் பிடுங்கிப் பார்த்தார்கள், கையோடு சேர்ந்து வந்தது, விட்டுவிட்டார்கள். குழந்தை வளர வளர பையும் வளர்ந்தது. வருஷா வருஷம் சீருடைத் துணியோடு பைக்கும் ஒரு வார் வாங்க வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் கண்ணாடிக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வருவாள். இரண்டு பேரும் நடையில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். காப்பகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.